ஒளிஞ்சுக்க இடம் குடுங்க, பாம்பு தானா வெளிய வரும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வளர்ப்புப் பாம்பு பத்தினதுதான், அதுலயும் கிட்டத்தட்ட எல்லாமே ஒளிஞ்சுக்கற இடத்துலதான் வந்து நிக்குது. அதனால மொத்த பக்கத்தையும் அதுக்கே ஒதுக்கிட்டேன். நாய், பூனை, லவ் பேர்ட்ஸ் வளர்க்கறவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் ஸ்கார்பரோவில இருக்கிறம். மகன் கனகாலமா கேட்டுக்கொண்டு இருந்ததால போன வருசம் ஒரு போல் பைதன் வாங்கிக் குடுத்தனாங்கள். பகல் முழுக்க அது அந்தப் பெட்டிக்குள்ளயே சுருண்டு கிடக்குது, வெளியில வாறதே இல்லை. மகனிட கூட்டாளி ஒருத்தர் சொல்லுறார், பெட்டியை எடுத்துவிட்டா ஆக்களோட பழகீடும் எண்டு. எடுக்கலாமோ? – ஒரு தாய், ஸ்கார்பரோ, கனடா

பதில்: எடுக்காதீங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணிடாதீங்க. அந்தப் பையன் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பான், ஆனா பாம்பு விஷயத்துல அது நேர் எதிரா போய் முடியும்.

பால் பைத்தான், அதாவது நீங்க சொல்ற போல் பைதன், எங்க இருந்து வருதுன்னு பாருங்க. மேற்கு ஆப்பிரிக்கா, கானா, டோகோ, பெனின் அந்தப் பக்கம். அங்க பகல் நேரத்துல அது எலி வளைக்குள்ளயும் கரையான் புத்துக்குள்ளயும்தான் கிடக்கும். கரையான் புத்தெடுக்க கருநாகம் குடிபுகுந்த மாதிரின்னு நம்ம ஊர்ல சொல்றோமே, அங்க குடிபுகறது இந்த பைத்தான். இருட்டினப்புறம் வெளிய வரும், இரை தேடும், விடியறதுக்குள்ள உள்ள போயிடும். மேல மூடி இல்லாத இடத்துல பட்டப்பகல்ல கிடந்தா பருந்தோ வேற எதுவோ தூக்கிட்டுப் போயிடும்னு அதோட உடம்புக்கே தெரியும், அது வீட்டுல பொறந்து வளர்ந்த குட்டியா இருந்தாலும் அந்த பயம் போகாது. அதனால பகல் முழுக்க உள்ள சுருண்டு கிடக்கறது நோயும் இல்ல கூச்சமும் இல்ல, அது நல்லா இருக்கற பால் பைத்தான் பண்ற வேலை.

பெட்டிய எடுத்துட்டா அது பழகாது, பயந்துபோய் கிடக்கும், அவ்வளவுதான். கண்ணாடில மூக்கைத் தேய்ச்சு தேய்ச்சு புண்ணாக்கிக்கும், கீழ விரிச்சிருக்கற பேப்பருக்கு அடியில நுழையும், தண்ணிக் கிண்ணத்துக்குள்ள போய் படுத்துக்கும், கை வெச்சா சீறும். இதெல்லாத்துக்கும் முன்னாடி சாப்பாட்ட நிறுத்திடும். எங்கிட்ட "பாம்பு சாப்பிடலை"ன்னு யார் வந்தாலும் முதல்ல கூண்டோட போட்டோதான் கேப்பேன், ஏன்னா நிறைய தடவை பதில் அதுலயே இருக்கும்.

உங்ககிட்ட நான் சொல்ல வர்றது அதுக்கும் மேல ஒண்ணு, ஒரு ஹைடு, அதான் ஒளிஞ்சுக்கற அந்தப் பெட்டி, போதாது, ரெண்டு வேணும். பாம்பு தன் உடம்புச் சூட்ட தானே உண்டாக்கிக்க முடியாது, சூடான பக்கம் போய் சூடேத்திக்கும், போதும்னு தோணினா குளிர்ச்சியான பக்கம் நகரும், இரை செரிக்கறதுகூட அந்த சூட்டை நம்பித்தான் நடக்குது. பால் பைத்தானுக்கு சூடான பக்கம் 31ல இருந்து 33 டிகிரி செல்சியஸ், இன்னொரு பக்கம் 25, 26 இருக்கணும். இப்ப ஹைடு ஒரே ஒண்ணு, அதுவும் குளிர்ந்த பக்கத்துல இருக்குன்னு வெச்சுக்கோங்க, பாம்புக்கு ரெண்டுல ஒண்ணத்தான் தேர்ந்தெடுக்க முடியும், ஒண்ணு பத்திரம் இல்லன்னா சூடு. பெரும்பாலும் அது பத்திரத்தைத்தான் எடுக்கும், சூடு இல்லாம செரிமானம் கெட்டு தின்னத வாந்தியெடுக்கும். ஹைடு சூடான பக்கத்துல மட்டும் இருந்தா வெந்துக்கிட்டே உள்ள கிடக்கும். அதனால ஒரே மாதிரி, ஒரே சைஸ்ல ரெண்டு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. ஒரே மாதிரின்னு ஏன் சொல்றேன்னா, ஒண்ணு பிடிச்சு இன்னொண்ணு பிடிக்காம போனா மறுபடியும் அதே பிரச்சினைதான்.

பழக்கறதுக்கு வழி வேற. தின்னப்புறம் முழுசா 48 மணி நேரம் தொடவே வேண்டாம். அதுக்கப்புறம் சாயங்காலமா, ஹைடோட வாசல் வழியா கைய விட்டு இழுக்காம, ஹைடை மேல தூக்கிட்டு நடு உடம்புல கை குடுத்து மெதுவா எடுக்கச் சொல்லுங்க. முதல்ல ஒரு 10 நிமிஷம் போதும். திரும்ப விடும்போது ஹைடு வாசலுக்கு முன்னாடி விட்டா அதுவே உள்ள போயிடும். உள்ள போனா யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்கன்னு அதுக்கு தெரிஞ்சுட்டா ராத்திரில தானா வெளிய வந்து சுத்தும், மகன் அப்ப டிம் லைட்ல உக்காந்து பாக்கட்டும், பகல்ல பாக்கறத விட ஆயிரம் மடங்கு நல்லா இருக்கும்.

ஒரு விஷயம் மகன்கிட்ட இப்பவே பேசிடுங்க, இது 20, 30 வருஷம் வாழற ஜீவன். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஜூவுக்கு 1961ல வந்த ஒரு பால் பைத்தான் 2020ல, ஏறக்குறைய 62 வயசுல, முட்டை போட்டுச்சு. அவன் யுனிவர்சிட்டி போறப்பவும் பாம்பு உங்க வீட்டுலதான் இருக்கும்.

கேள்வி: மகளுக்காக ஒரு ராயல் பைத்தான் குட்டி வாங்கினோம், 4 அடி விவேரியம் கூண்டு, உள்ள அழகா ஒரு பெரிய பாறைக் குகை செட் பண்ணிருக்கோம். மூணு வாரமா எதுவும் சாப்பிடல. ஹைடு இருக்கே, அப்புறம் ஏன்? – வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: மேல சொன்ன அதே பாம்புதான், இங்கிலாந்துல ராயல்னு சொல்றாங்க. உங்க குகை அழகா இருக்கும்னு நம்பறேன், ஆனா அது குட்டிக்கு ஹைடு இல்ல, ஹால். பாம்பு சுருண்டா அதோட ரெண்டு பக்கமும் சுவர்ல படணும், முதுகு கூரைய தொடணும், அப்பதான் தன்னை யாரும் பிடிக்க முடியாதுன்னு நிம்மதியாகும். வெறும் இருட்டு மட்டும் பத்தாது, தொடுதல் வேணும். நமக்கு பாக்கறப்ப ஐயோ பாவம் இவ்ளோ நெருக்கமாவான்னு தோணும், அந்த அளவுதான் அதுக்கு சரி. வாசல் ஒண்ணே ஒண்ணு, பாம்போட தடிமனான இடம் இரை தின்னு உப்பினப்புறமும் தாராளமா நுழையற அளவுக்கு இருந்தா போதும், ரெண்டு பக்கமும் திறந்திருக்கற அந்த அரைவட்ட மரத்துண்டு இருக்கே, கடைல எல்லாரும் குடுப்பாங்க, அதை ஹைடுன்னு நான் கணக்குல சேக்கறதே இல்ல.

குகைய தூக்கிப் போட வேண்டாம், அது வளர்ந்தப்புறம் உதவும். இப்போதைக்கு குட்டி சைஸ்ல ரெண்டு ஹைடு வைங்க, நடுவுல இருக்கற காலி இடத்துல பிளாஸ்டிக் செடி, கார்க் பட்டை, காஞ்ச இலைன்னு நிரப்புங்க. 4 அடி தப்பில்ல, 4 அடி வெட்டவெளிதான் தப்பு. ஒரு ஹைடுல இருந்து இன்னொண்ணுக்கு எதுக்கு அடியிலயாவது மறைஞ்சுக்கிட்டே போக முடியுதான்னு பாருங்க. கண்ணாடி விவேரியம்னா மூணு பக்கமும் வெளிய கறுப்பு சார்ட் ஒட்டிடுங்க.

இதெல்லாம் பண்ணிட்டு ஒரு வாரம் யாரும் தொடாம விட்டுட்டு, ராத்திரில, உறைஞ்ச எலிய ஐஸ் போக வெச்சு, சூடாக்கி, டாங்ஸ்ல பிடிச்சு ஹைடு வாசல்கிட்ட காட்டுங்க, பதுங்கி இருந்து பிடிக்கற ஜாதி இது, உள்ள இருந்தே பாய்ஞ்சு எடுக்கும். வளர்ந்த பைத்தான் மாசக்கணக்குல பட்டினி கிடந்தும் சமாளிக்கும், குட்டிக்கு அந்த சேமிப்பு கிடையாது, அதனால வாராவாரம் எடை போடுங்க, எடை குறைஞ்சுக்கிட்டே போனா ஹைடை மாத்திட்டு உக்காந்திருக்காம ரெப்டைல் பாக்கற டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: எங்க வீட்டுல கார்ன் ஸ்நேக் இருக்கு. கடைல ஒரு ஹைடு 30, 40 டாலர் சொல்றாங்க. வீட்டுல இருக்கற பொருளவெச்சே பண்ண முடியுமா? எதுல கவனமா இருக்கணும்? – வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: தாராளமா பண்ணலாம், பாம்புக்கு விலை தெரியாது. பண்ணினது பத்திரமா இருக்கணும்ங்கறது மட்டும்தான் முக்கியம், அதனால அதைப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

குட்டிக்கு தேங்காய்ச் சிரட்டை ரொம்ப நல்லா இருக்கும், பாதியா உடைச்சு உள்ள சுத்தமா சுரண்டி, நாரெல்லாம் எடுத்து, ஓரத்துல ஒரு வாசல் அறுத்து, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு கவுத்து வெச்சா முடிஞ்சுது. கொஞ்சம் வளர்ந்ததுக்கு டேக்-அவுட் வர்ற கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, ஓரத்துல வாசல். செருப்பு டப்பா, சீரியல் டப்பாகூட ஓகே, அழுக்கானா தூக்கிப் போட்டுட்டு வேற வைக்கலாம்ங்கறதே பெரிய வசதி. மண் தொட்டியும் நல்லதுதான், அடியில இருக்கற தண்ணி ஓட்டையத்தான் பாத்துக்கணும். பாம்பு எந்த ஓட்டையக் கண்டாலும் தலைய விடும், தலை போச்சுன்னா பாதி உடம்பும் போகும், செதில் பின்பக்கமா சாஞ்சு இருக்கறதால திரும்ப வர முடியாம மாட்டிக்கும். அதனால ஓட்டை ஒண்ணு பாம்பு நுழையவே முடியாத அளவு சின்னதா இருக்கணும், இல்லன்னா இரை தின்ன வயித்தோட ஈஸியா போய் வர்ற அளவு பெருசா இருக்கணும், நடுவுல இருக்கற சைஸ்தான் ஆபத்து. டாய்லெட் பேப்பர் உருளை குட்டிக்கு சரி, ஆனா அது வளர வளர அதே உருளைல சிக்கும், மறக்காம எடுத்துடுங்க.

வாசல் அறுத்த ஓரத்தை உங்க விரலால ஒரு சுத்து தடவிப் பாருங்க, விரல்ல கீறினா பாம்புத் தோல்லயும் கீறும். தோல் உரிக்கற நேரத்துல அந்த தோல் இன்னும் மென்மையா இருக்கும்.

செல்லோ டேப், டக்ட் டேப், எந்த டேப்பும் கூண்டுக்குள்ள வேண்டவே வேண்டாம். இத நான் எத்தனை தடவை சொன்னாலும் பத்தாதுன்னு நினைக்கறேன். பாம்பு அதுல ஒட்டிக்கிட்டா விடுபட முறுக்கும், முறுக்க முறுக்க இன்னும் ஒட்டும், பிச்சு எடுத்தா செதிலோட தோலும் வரும். ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்க, சமையல் எண்ணெய கொஞ்சம் கொஞ்சமா தடவி, பசை இளக இளக, தலைல இருந்து வால் பக்கமா மெதுவா எடுங்க, வாயிலயோ கண்ணுலயோ ஒட்டியிருந்தா நேரா டாக்டர்.

கல்லை அடுக்கி குகை கட்டறவங்களுக்கு, கார்ன் ஸ்நேக் நல்லா தோண்டும். மேல பரப்பின மரத்தூள் மேல கல்லை வெச்சா அடியில தோண்டிட்டுப் போய் கல்லு சரிஞ்சு நசுங்கிடும். கல்லு கூண்டோட தரைலயே நேரா உக்காந்திருக்கணும், அதுக்கப்புறம் சுத்தி தூள் போடணும், ரெண்டு கல்லு இருந்தா அக்வேரியம் சிலிகான் போட்டு ஒட்டி நல்லா காய விடணும். தூள்னதும் ஞாபகம் வருது, சீடர் மரத்தூள் பாம்புக்கு விஷம், பைன் தூளையும் தவிர்த்துடுங்க, ஆஸ்பென் வாங்குங்க, கார்ன் ஸ்நேக் அதுல சுரங்கம் போட்டுக்கிட்டு சந்தோஷமா இருக்கும்.

ஹைடுக்கு அடியில ஹீட் மேட், அதான் கரண்ட்ல சூடாகற பாய், போட்டா சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் கட்டாயம் வேணும், அதோட ப்ரோப், அதாவது சூடு பாக்கற ஒயர் முனை, ஹைடுக்குள்ள தரைல இருக்கணும், சுவர்ல தொங்கற தெர்மாமீட்டர் காட்டற நம்பர் ஹைடுக்குள்ள இருக்கற சூடு கிடையாது. கார்ன் ஸ்நேக்குக்கு அங்க 28ல இருந்து 30 டிகிரி போதும். வயிறு வெந்தாலும் பாம்பு சில சமயம் நகராம அப்படியே கிடக்கும், நீங்க பாக்கறப்ப தீக்காயம் ஆகியிருக்கும். ஹாட் ராக்னு கரண்ட்ல சூடாகற கல்லு ஒண்ணு விக்கறாங்களே, அதை வாங்கவே வாங்காதீங்க.

வீட்டுலயே பண்றதுல மிச்சமாகற 40 டாலரை அந்த தெர்மோஸ்டாட்ல போடுங்க.

கேள்வி: தோல் உரிக்கும்போது துண்டு துண்டா வருது. ஈரமான ஹைடுன்னு சொல்றாங்களே, அது என்ன? – வாசகி, மார்க்கம், கனடா

பதில்: மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, பக்கத்துல வாசல், உள்ள ஸ்பாக்னம் பாசிய நனைச்சு நல்லா பிழிஞ்சு போடணும், சொட்டக்கூடாது, ஈரமா இருந்தா போதும். சூடான பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில வைங்க. கண்ணு நீலமா மங்கலாச்சுன்னா உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்ப உள்ள போய் உக்காந்துக்கும். உங்க ஊர்ல குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்கற ஃபர்னஸ் ஓடி ஓடி காத்து காஞ்சு போயிடும், அதனாலதான் அங்க இருக்கற நிறைய பேருக்கு இந்த பிரச்சினை. பாசிய அடிக்கடி மாத்துங்க, பூஞ்சை பிடிக்க விடாதீங்க. உரிச்ச தோல்ல ரெண்டு கண்ணோட மூடியும் வந்திருக்கான்னு பாருங்க, வரலன்னா நகத்தாலயோ ட்வீசராலயோ நோண்டாதீங்க, அடுத்த தடவைக்கு ஈரம் அதிகம் வைங்க, அப்பவும் வரலன்னா டாக்டர்.

கேள்வி: மேடம், நான் சென்னை. பால் பைத்தான் ஒண்ணு இருக்கு, மத்திய அரசோட பாரிவேஷ் வெப்சைட்ல பதிவும் பண்ணிட்டேன். நீங்க எல்லாரும் சூடு சூடுன்னு சொல்றீங்க, எனக்கு மே மாசத்துல ரூமே 36, 37 போகுது. கூல் ஹைடுக்கு என்ன பண்றது?

பதில்: பதிவு பண்ணினதுக்கு முதல்ல நன்றி, நிறைய பேர் பண்றதில்ல. மத்தவங்களுக்கும் சேத்து சொல்லிடறேன், வன உயிரின சட்டத்துல 2022ல திருத்தம் வந்து, 2024 பிப்ரவரில விதிகளும் வந்தாச்சு, பால் பைத்தான் மாதிரி சைட்ஸ்ங்கற சர்வதேச வன உயிரின வர்த்தக ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கற வெளிநாட்டு உயிரினம் வெச்சிருந்தா பதிவு கட்டாயம். பாங்காக்ல இருந்து வர்ற பெட்டில பைத்தான் குட்டிய துணிப்பைல சுருட்டி கொண்டுவந்து சென்னை ஏர்போர்ட்ல மாட்டறது அடிக்கடி நியூஸ்ல வருதே, அந்த வழில வந்த பாம்பை யாரும் வாங்காதீங்க, வர்ற வழிலயே நிறைய குட்டி செத்துடும்.

இப்ப உங்க கேள்வி. வெளிநாட்டு வீடியோ எல்லாம் குளிர் நாட்டுக்காரங்க எடுக்கறது, அவங்களுக்கு கவலை சூடு பத்தலங்கறது, நமக்கு சூட்டுல இருந்து தப்பிக்க இடம் இல்லங்கறது. 35க்கு மேல தொடர்ந்து இருந்தா பைத்தான் உயிருக்கே ஆபத்து. ஏப்ரல், மே மாசத்துல பகல்ல ஹீட் மேட்டை ஆஃப் பண்ணிடுங்க, தெர்மோஸ்டாட் இருந்தா அதுவே பண்ணிடும். குளிர்ந்த பக்கத்துக்கு தடியான மண்சட்டி ஒண்ண கவுத்து வாசல் அறுத்து வைங்க, சுட்ட மண்ணு வெளிப்பக்கம் ஈரமா இருந்தா தண்ணி ஆவியாகி ஆவியாகி உள்ள குளுமையா இருக்கும், பானைத் தண்ணி குளுந்து போற அதே காரணம்தான். வெளிப்பக்கம் மட்டும் நனைங்க, உள்ள தரை நொதநொதன்னு இருந்தா வயித்துல புண்ணு வரும். ஆனா கடலோர புழுக்கத்துல சட்டி ஓரளவுக்குத்தான் கை குடுக்கும், உண்மைய சொல்லணும்னா மே மாசம் ஏசி ரூம் இல்லாம சென்னைல பால் பைத்தான் வெச்சுக்கறது கஷ்டம், ஏசி காத்து நேரா கூண்டுல படாம 27, 28ல வைங்க. கரண்ட் போனா தண்ணி பாட்டில உறைய வெச்சு துணில சுத்தி கூண்டுக்கு வெளிய, கூல் ஹைடு இருக்கற பக்கமா சாச்சு வைங்க.

அப்புறம் ஹைடை பினாயில், டெட்டால் போட்டு கழுவறது, அந்த ரூம்ல கொசு ஸ்ப்ரே அடிக்கறது, ரசக்கற்பூரம் போடறது, இது எதுவும் கூடாது. சோப்புத் தண்ணில தேய்ச்சு, நிறைய தண்ணில அலசி, வெயில்ல காய வைங்க. ஹைடோட இடுக்குல மிளகுத்தூள் மாதிரி கறுப்பா நகர்ற புள்ளி தெரிஞ்சா அது உண்ணி, அட்டை டப்பா இருந்தா உடனே வெளிய போடுங்க.

கேள்வி: எங்க தோட்டத்துல ஒரு மண்ணுளிப் பாம்பு இருக்கு. விஷம் இல்லாததுதானே, கண்ணாடித் தொட்டில மண்ணு போட்டு வளர்க்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர் பக்கம்

பதில்: கூடாது தம்பி. நம்ம நாட்டுப் பாம்பு எதையுமே வீட்டுல வளர்க்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அனுமதி இல்ல, விஷம் இருக்கோ இல்லையோ. அதுவும் மண்ணுளிய கோடிக்கணக்குல விலை போகும்னு புளுகி விட்டு பிடிச்சு விக்கறதுக்கு ஒரு கூட்டமே திரியுது, அது கைல இருந்தாலே கேஸ். நக்கினா குஷ்டம் வரும்னு சொல்றதும் பொய், வால் தலை மாதிரி மழுங்கி இருக்கறதால ரெண்டு தலைன்னு நினைக்கறாங்க, அவ்வளவுதான்.

அது ஆசைப்பட்டு உங்க தோட்டத்துக்கு வந்திருக்குன்னா அங்க இளகின மண்ணும் எலியும் இருக்குன்னு அர்த்தம். தொட்டில போடறதுக்கு பதிலா தோட்டத்தையே அதுக்கு நல்லதா வெச்சுக்கோங்க, வேலியோரத்துல ஒரு மூலைல கல்லு, காஞ்ச கட்டைய குவிச்சு கிளறாம விட்டுடுங்க, எலி மருந்து வைக்காதீங்க, மருந்து தின்ன எலிய தின்னு பாம்பும் போயிடும். அந்தக் குவியல் வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வேண்டாம், அங்க நல்ல பாம்பும் கட்டுவிரியனும்கூட வரும். வீட்டுக்குள்ளயே பாம்பு வந்துட்டா நீங்க கை வைக்காம தீயணைப்புக்கு 101க்கோ வனத்துறைக்கோ போன் பண்ணுங்க.

கேள்வி: லைசன்ஸோட கார்ப்பெட் பைத்தான் வெச்சிருக்கோம். நேத்து ராத்திரி கூண்டுல இருந்து தப்பிச்சு வீட்டுக்குள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கு. எங்க தேடறது? – வாசகி, மெல்போர்ன்

பதில்: பதறாதீங்க, விஷம் இல்லாதது. முதல்ல எல்லா ரூம் கதவையும் சாத்தி, அடி இடுக்குல துண்ட சுருட்டி வைங்க, டாய்லெட் மூடியையும் மூடிடுங்க. வாஷிங் மெஷின், ட்ரையர், மடக்கற சோபா, இத எல்லாம் உள்ள பாக்காம யாரும் தொடக்கூடாது, இதுதான் ரொம்ப முக்கியம். நாய், பூனை இருந்தா வேற வீட்டுக்கு அனுப்புங்க.

பெரும்பாலும் கூண்டு இருக்கற ரூம்லயேதான் இருக்கும். இருட்டு, நெருக்கம், சூடு, இந்த மூணும் எங்க சேருதோ அங்க தேடுங்க, ஃப்ரிட்ஜ் மோட்டருக்குப் பின்னாடி, டிவி யூனிட்டுக்குள்ள, புக் ஷெல்ஃப்ல புத்தகத்துக்குப் பின்னாடி, சோபா அடித்துணிக்குள்ள. கார்ப்பெட் பைத்தான் மரம் ஏறற ஜாதி, அதனால தரைய மட்டும் பாக்காம கர்ட்டன் ராடு, அலமாரி உச்சி, ஏசி யூனிட்டுக்கு மேலயும் டார்ச் அடிங்க. கிடைக்கலன்னா ராத்திரி லைட்ட அணைச்சுட்டு, சுவரோரமா மைதா மாவ மெல்லிசா தூவி விடுங்க, காலைல எந்தப் பக்கம் போச்சுன்னு தடம் தெரியும். அதோட பழைய ஹைடை, தன் வாசனை இருக்கறத கழுவாம, தெர்மோஸ்டாட் போட்ட ஹீட் மேட் மேல ஒரு மூலைல வெச்சு பக்கத்துல தண்ணி வைங்க, நிறைய பாம்பு ரெண்டாவது மூணாவது ராத்திரி தானா அதுக்குள்ள வந்து சுருண்டிருக்கும். பசை அட்டை மட்டும் எந்த காரணத்துக்கும் வைக்காதீங்க.

பக்கத்து வீட்டுக்கும் சொல்லி வைங்க, அவங்க பயந்து அடிச்சுடக்கூடாது. கிடைச்சதும் ரெண்டு நாள் தொடாம ஹைடுக்குள்ள விடுங்க, அந்த ரெண்டு நாள்ல கூண்டோட கண்ணாடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டுடுங்க.